வழுக்காணும் கலை: கணினிச் செய்நிரற் சோதனையின் வரலாறும் திட்டமிடும் நெறியும்

முன்னுரை

2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்த ஆழிப்பேரலை, மட்டக்களப்பு வாவிக்கும் கீழ்கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்றிடலை மேவிப் பாய்ந்தது. நாவலடியிலும் கல்லடியிலும் வீடுகள் பல இருந்த இடந் தெரியாது போயின. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்துக் கோபுரம் சாய்ந்து நின்ற காட்சியைக் கண்டார் எவரும் மறந்திலர். இலங்கைத் தீவு முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நம் மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் இரண்டாயிரத்துக்கு மேற்படுவர்.

நீர் வடிந்த பின் எழுந்த முதல் வினா, யார் இருக்கின்றார், யார் இல்லை என்பதே. பாடசாலைகளும் கோயில்களும் அகதி முகாம்களாயின. ஒவ்வொரு முகாமிலும் ஒவ்வொரு பெயர்ப் பட்டியல் எழுந்தது. உறவினரைத் தேடி அலைந்தோருக்கு அப்பட்டியல்களே நம்பிக்கையாயின. அவ்வேளையில் இந்நாட்டுக் கணினி வல்லுநர் சிலர் கூடி, காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் ஒரே பதிவேட்டில் அடக்கும் செய்நிரல் ஒன்றைச் சில நாட்களிலேயே ஆக்கினர். அதன் பெயர் சஹன. சிங்கள மொழியில் அது நிவாரணம் எனப் பொருள்படும்.

ஒரு தாயின் தேடலுக்கு விடையளிக்க வேண்டிய செய்நிரலொன்று பிழைபடுமாயின் விளைவு யாது? அது பிழைபடாது என்பதை முன்னரே அறியும் வழி யாது? இவ்வினாக்கள் எம்மைச் செய்நிரற் சோதனையின் வரலாற்றுக்கு இட்டுச் செல்கின்றன. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்ந்து, பொறியைக் கொண்டே பொறியைச் சோதிக்கும் தன்னியக்கச் சோதனையைத் திட்டமிடுவார் கொள்ளத்தக்க நெறி இதுவென நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியில் மட்டக்களப்பு நாட்டுக்குத் தனிப் பங்குண்டு. காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலானந்த அடிகளார் 1936இற் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர் காலத்தில் இந்நாட்டிற் கணினி இல்லை. எனினும் கணினித் துறையிற் பிழையைக் குறிக்கத் தமிழர் இன்று கையாளும் 'வழு' என்னும் சொல் அடிகளார் உள்ளம் மகிழத்தக்க பழஞ்சொல்லேயாம்.

தமிழிலக்கணத்தார் சொற்றொடரை மூன்று நிலையில் வைத்து நோக்குவர். விதிப்படி அமைவது வழாநிலை. விதியினின்று பிறழ்வது வழு. பிறழ்ந்ததாயினும் காரணம்பற்றி ஏற்கப்படுவது வழுவமைதி. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் இவற்றை விரித்துரைக்கின்றது. இப்பாகுபாடு கணினித் துறைக்கும் பொருந்துவதாகும். செய்நிரல் கேட்டபடி நடப்பின் வழாநிலை, நடவாதொழியின் வழு, நடவாமை அறியப்பட்டும், அதனாற் கேடு சிறிதென்று கண்டு எழுதிவைத்து ஏற்கப்படின் அது வழுவமைதி. வழுவையும் வழுவமைதியையும் வேறுபடுத்தி அறியாத குழு, சிறு பிழையின் பின்னே ஓடிப் பெரும் பிழையைக் கைவிடும்.

சோதனை என்பதன் பொருளையும் ஈண்டு வரையறுத்தல் வேண்டும். ஆசிரியத் தொழிலார்க்கு அது எளிதில் விளங்கும். தேர்வொன்றுக்கு வினா வேண்டும், விடைக்குறிப்பு வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துதல் வேண்டும். செய்நிரற் சோதனைக்கும் உள்ளீடு, எதிர்பார்க்கும் பயன், ஒப்பீடு என்னும் மூன்றே உறுப்புக்கள். தன்னியக்கச் சோதனை என்பது வினாவைக் கொடுத்தலையும் திருத்துதலையும் பொறியிடம் ஒப்படைத்தலாம். விடைக்குறிப்பை மட்டும் மனிதனே வகுத்தல் வேண்டும். விடைக்குறிப்பு இல்லாத தேர்வைத் திருத்துவார் இல்லை. எதனைச் சரியெனக் கொள்வது என்பதை வகுக்காது கருவிகளை வாங்கிக் குவிப்போர் செய்யும் தவறு இங்கேயே தொடங்குகின்றது.

வழுவின் வரலாறு

1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி ஹாவாட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 என்னும் பொறியின் உறுப்பொன்றிற் சிக்கிய விட்டிற்பூச்சி எடுக்கப்பட்டுக் குறிப்பேட்டில் ஒட்டப்பட்டது. பொறிக்குற்றத்தைப் பூச்சி என வழங்கும் ஆங்கில வழக்கு அதிலிருந்தே பிறந்ததெனப் பலர் கூறுவர். அது பொருந்தாது, எடிசன் 1878இலேயே அச்சொல்லை அப்பொருளிற் கையாண்டுள்ளார். கேம்பிரிட்ஜிலே எட்சாக் என்னும் கணினி 1949ஆம் ஆண்டு மே மாதம் இயங்கத் தொடங்கிற்று. அதனை ஆக்கிய மொறிஸ் வில்க்ஸ், தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தம் செய்நிரல்களின் பிழை தேடுவதிலேயே கழியும் என்பதை அக்காலத்திற் படியேறும்போது உணர்ந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். செய்நிரல் எழுதுதல் எளிது, பிழையறுத்தலே அரிது என்ற உணர்வு கணினியுடன் உடன்பிறந்ததெனலாம்.

1968இல் மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் நகரிற் கூடிய மாநாடு, செய்நிரலாக்கம் பொறியியலுக்குரிய ஒழுங்கைப் பெறுதல் வேண்டும் என்னும் கருத்தை நிலைநாட்டிற்று. அக்கால அறிஞருள் ஒருவரான டைக்ஸ்ட்ரா, எத்துணைச் சோதனை நிகழ்த்தினும் வழு அறவே இல்லையென நிறுவுதல் இயலாது என வற்புறுத்தினார். 1979இற் சோதனைக் கலையைப்பற்றி நூலெழுதிய கிளென்போட் மையர்ஸ், செய்நிரல் நன்று எனக் காட்டுதல் சோதனையின் நோக்கமன்று, அதன் குற்றத்தைக் கண்டுபிடித்தலே நோக்கம் என விளக்கினார். மாணவனைத் தேர்வு செய்யும் ஆசிரியர் அவன் அறிந்தவற்றையே வினவின் அத்தேர்வாற் பயனில்லையன்றோ?

இவ்வறிவுரைகள் எளிதிற் பின்பற்றப்பட்டில. தெரக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவப் பொறி 1985ஆம் ஆண்டுக்கும் 1987ஆம் ஆண்டுக்கும் இடையில் வட அமெரிக்காவில் ஆறு நோயாளருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்திற்று; அவருள் மூவரேனும் இறந்தனர். முந்திய பொறியிற் காவலாயிருந்த இரும்புப் பூட்டுக்கள் இப்பொறியில் நீக்கப்பட்டுக் காவற் பொறுப்பு முழுவதும் செய்நிரலிடம் விடப்பட்டிருந்தமை காரணங்களுள் ஒன்று. இயக்குநர் விரைவாகத் தட்டச்சிட்டுத் திருத்தியபோது மட்டுமே தோன்றும் வழு அது. மெதுவாகச் சோதித்தவர் கண்ணில் அது படவில்லை.

1996ஆம் ஆண்டு யூன் 4ஆந் திகதி ஏவப்பட்ட ஏரியன் 5 என்னும் ஐரோப்பிய ஏவுகணை ஒரு நிமிடம் நிறைவதற்குள் வானிற் சிதறியது. 64 இரும எண்ணிலக்கங் கொண்ட பெரிய எண்ணொன்றை 16 இலக்கத்துள் அடக்க முயன்றமையே வழு. அச்செய்நிரற் பகுதி ஏரியன் 4இற் குறையின்றி நடந்ததொன்று. புதிய கணையின் வேகம் வேறு. அவ்வேகத்தின் அளவுகளைக் கொண்டு அப்பகுதி மீண்டும் சோதிக்கப்படவில்லை. பழைய களத்தில் வென்றது புதிய களத்திலும் வெல்லும் என எண்ணியதன் விலை அது.

கையிலிருந்து பொறிக்கு

தொடக்ககாலத்திற் சோதனை கையாலேயே நிகழ்ந்தது. ஒருவர் திரையின் முன்னிருந்து ஒவ்வொரு கட்டளையாகக் கொடுத்து, பயனைக் கண்ணாற் கண்டு, தாளிற் குறிப்பர். செய்நிரல் வளர வளர இது தாங்கொணாச் சுமையாயிற்று. 1990களில் மனிதன் செய்வதைப் பதிந்து அவ்வாறே திரும்பச் செய்யும் கருவிகள் விற்பனைக்கு வந்தன. 1989இற் தொடங்கப்பட்ட மேர்க்கூரி இன்ரரக்ரிவ் நிறுவனத்தின் வின்ரன்னர் அவற்றுட் பெயர்பெற்றது. பதிவு செய்தல் எளிது. ஆயின் திரையில் ஒரு பொத்தான் இடம் மாறினும் பதிவு பயனற்றுப் போம். எனவே பலரும் பதிந்த சோதனைகளைச் சில மாதங்களிற் கைவிட்டனர்.

மற்றொரு நெறி செய்நிரலாளரிடையே வளர்ந்தது. கென்ற் பெக் என்பார் 1994இல் ஸ்மோல்ரோக் மொழிக்கென எழுதிய சிறு சோதனைச் சட்டகம் அதன் வித்தாகும். 1997இல் அவரும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அத்திலாந்தாவுக்குப் பறந்த விமானத்தில் அமர்ந்தே யாவா மொழிக்குரிய ஜேயுனிற் என்னும் சட்டகத்தைத் தொடங்கினர். செய்நிரலின் மிகச் சிறிய உறுப்பைத் தனியே சோதிக்கும் இம்முறை அலகுச் சோதனை எனப்படும். 2004இற் சிக்காகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பார் இணையப் பக்கங்களைத் தானே திறந்து, தட்டச்சிட்டு, பொத்தானை அழுத்திச் சோதிக்கும் கருவியை ஆக்கிச் செலினியம் எனப் பெயரிட்டார். மேர்க்கூரி என்றால் இரசம். இரசத்தின் நஞ்சுக்குச் செலினியம் மாற்று என்னும் நகைச்சுவையே அப்பெயருக்குக் காரணம். 2001இல் வெளிவந்த குரூஸ் கொன்ட்ரோல் போன்ற கருவிகள், செய்நிரல் மாற்றப்படுந்தோறும் எல்லாச் சோதனைகளையும் தாமே ஓடச்செய்தன. இவ்வாறு சோதனை, ஆண்டிறுதித் தேர்வாயிருந்த நிலை மாறி, நாடோறும் நிகழும் பாடமீட்டலாயிற்று.

இந்நாட்டு அனுபவம்

இலங்கையில் இக்கலை வெறும் புத்தக அறிவாய் நின்றதில்லை. 1996இல் இந்நாட்டில் தொடங்கப்பட்ட மிலேனியம் ஐ.ரி. என்னும் நிறுவனத்தை இலண்டன் பங்குச் சந்தை 2009இல் வாங்கிற்று. 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலண்டன் சந்தையின் வணிகம் அந்நிறுவனத்தார் ஆக்கிய செய்நிரலின்மேல் நடக்கத் தொடங்கிற்று. கண் இமைப்பதற்குள் ஆயிரம் கட்டளைகள் வந்து சேரும் அத்தகைய முறைமையை ஆட்கள் திரைமுன் இருந்து சோதித்தல் எவ்வாற்றானும் இயலாது. அங்குத் தன்னியக்கச் சோதனை வசதியன்று. வேறு வழியின்மையால் வருவது.

சஹனவின் வரலாறு வேறுவகைப் படிப்பினையைத் தருகின்றது. 2003இல் நிறுவப்பட்ட லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனைச் சார்ந்த தொண்டர்கள் அதனை ஆக்கினர். 2005ஆம் ஆண்டு தொடக்கத்தில் அரசின் தேசிய நடவடிக்கை மையம் அதனைப் பயன்படுத்தியது. உயிர்கள் காத்திருக்கும்போது நெடுநாட் சோதனைக்கு இடமில்லை. விரைந்து கட்டினர், கட்டியதைப் பின்னர் அமைதியாக மீள எழுதினர். 2005ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் பாகிஸ்தானை உலுக்கிய நிலநடுக்கத்திலும், 2006இற் பிலிப்பைன்சில் நிகழ்ந்த மண்சரிவிலும், 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூக நன்மைப் பரிசைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கிற்று.

இங்கே ஏரியன் 5இன் படிப்பினையை நினைவுகூர்தல் வேண்டும். ஒரு நாட்டின் பெயர்களுக்கும் மொழிகளுக்கும் ஆட்சிப் பிரிவுகளுக்கும் பொருந்திய செய்நிரல் மற்றொரு நாட்டில் அவ்வாறே பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. களம் மாறுந்தோறும் சோதனை மீள நிகழ்தல் வேண்டும். பிற்காலத்திற் பைதன் மொழியில் எழுதப்பட்ட சஹன ஈடன் என்னும் கிளையின் மூலநிரலோடு அலகுச் சோதனைகளும், செலினியத்தாற் பக்கங்களை இயக்கிப் பார்க்கும் சோதனைகளும் உடன்வைக்கப்பட்டமை இத்தேவையின் விளைவேயாம்.

திட்டமிடும் நெறி

இனித் திட்டமிடுதலை ஆராய்வாம். இதற்கு எளிய எடுத்துக்காட்டொன்று எம் தொழிலிலேயே உண்டு. தவணைப் புள்ளிகளைத் தொகுத்துச் சராசரியும் நிலையும் கணிக்கும் செய்நிரலொன்றை யாம் சில காலம் கையாண்டோம். ஒரு வகுப்பின் புள்ளிகளை இட்டுப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே வந்தன. ஆயின் அவ்வகுப்பில் அன்று தேர்வுக்கு வராதார் ஒருவருமிலர். அடுத்த தவணையில் நோயினால் ஒரு பாடத்துக்குத் தோற்றாத மாணவிக்குச் செய்நிரல் அப்பாடத்திற் பூச்சியம் இட்டுச் சராசரியைத் தாழ்த்திவிட்டது. அவள் தாயார் வந்து முறையிட்ட பின்னரே வழு தெரிந்தது, திருத்தப்பட்டது. இரண்டு தவணை கழிந்து புதிய பாடமொன்றைச் சேர்ப்பதற்காகச் செய்நிரல் மாற்றப்பட்டபோது அதே வழு மீண்டும் தலைகாட்டிற்று. இம்முறை முறையிட ஒருவரும் வரவில்லை. பரிசளிப்பு முடிந்த பின்னரே, பட்டியலில் இருந்திருக்க வேண்டிய மாணவன் ஒருவன் இல்லாமை தெரிந்தது. குற்றம் பொறியினதன்று. ஒருமுறை கேட்ட வினாவை மறுமுறை கேளாதுவிட்ட எமதேயாகும்.

இந்நிகழ்ச்சியினின்று முதல் நெறி பெறப்படும். வழு நேரின் கேடு எங்கே மிகும் என்பதை முதலில் வரிசைப்படுத்துக. புள்ளிப் பட்டியலின் எழுத்து வடிவம் பிழைத்தால் நகைப்பர். சராசரி பிழைத்தால் ஒரு பிள்ளையின் உழைப்பு அழியும். நிவாரணப் பதிவேட்டில் நிறம் பிழைக்கலாம், பெயர் பிழைக்கலாகாது. சோதனைக்குரிய காலமும் பொருளும் எஞ்ஞான்றும் அளவுடையன. அவற்றைக் கேட்டின் அளவுக்கேற்பப் பகிர்தலே திட்டம்.

இரண்டாவது, எதனைப் பொறியிடம் ஒப்படைப்பது என முடிவுசெய்க. அடிக்கடி மீள நிகழ வேண்டியதும், விடை ஐயமின்றி வரையறுக்கத்தக்கதும், கையாற் செய்யின் சலிப்பும் பிழையும் தருவதுமாகிய சோதனையே பொறிக்கு உரியது. ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். கையாற் செய்ய அரை மணியாகும் சோதனையைத் தன்னியக்கமாக்க ஐந்து மணி செல்லும் எனக் கொள்வோம். பத்தாம் முறையில் உழைப்பு ஈடாகும். தவணைக்கு ஒருமுறை மட்டும் அச்சோதனை நிகழுமாயின் பத்தாம் முறை வர மூன்றாண்டுக்கு மேலாகும். அதற்குள் செய்நிரலே மாறிவிடும். நாடோறும் நிகழுமாயின் இரு வாரத்துள் ஈடாகும். சோதனையைப் பேணும் உழைப்பையும் இக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். எனினும் கேடு பெரிதாயின் இக்கணக்கு ஒன்றையே நம்பலாகாது. எம் புள்ளிச் செய்நிரலுக்கு வராதார்பற்றிய ஒரு சோதனையேனும் எழுதிவைக்கப்பட்டிருப்பின் இரண்டாம் வழு நேர்ந்திராது. கண்டுபிடித்த ஒவ்வொரு வழுவுக்கும் ஒரு சோதனையை எழுதி நிலையாக வைத்தல் இத்துறையாரின் நல்வழக்கு.

மூன்றாவது, சோதனையைப் படிமுறையாக அமைக்க. மட்டக்களப்பு நாட்டுக் கூத்தை அறிந்தார்க்கு இது புதிதன்று. அண்ணாவியார் முதலிற் சட்டங் கொடுப்பார். ஒவ்வொரு கூத்தரும் தத்தம் பாட்டையும் ஆட்டத்தையும் தனியே பழகுவர். பின்னர்க் கிழமைக் கூத்தில் ஒருவரோடொருவர் சேர்ந்து ஆடுவர். அடுக்குப் பார்க்கும் இரவிற் கூத்து முழுவதையும் ஒழுங்காக ஆடிக் காட்டுவர். சதங்கை அணிந்த பின்னர் அரங்கேற்றம். தாளம் பிழைக்கும் கூத்தரை அரங்கேற்ற இரவிலே திருத்தத் தொடங்கும் அண்ணாவியார் எவருமிலர். செய்நிரலிலும் அலகுச் சோதனை, ஒருங்கிணைப்புச் சோதனை, முறைமைச் சோதனை, ஏற்புச் சோதனை என்னும் படிகள் இவ்வரிசையிலேயே அமைவன. 2009இல் மைக் கோன் என்பார் இதனைக் கூம்பு வடிவாக விளக்கினார். அடித்தளத்தில் விரைவும் மலிவுமாகிய அலகுச் சோதனைகள் பலவாக இருத்தல் வேண்டும். நடுவிற் சேவைகளைச் சோதிப்பன. உச்சியில், திரையை இயக்கிப் பார்க்கும் மெதுவான சோதனைகள் சிலவே. பலர் இக்கூம்பைத் தலைகீழாக நிறுத்துகின்றனர். திரைவழிச் சோதனை கண்ணுக்கு இனிமை தரும். ஆயின் எங்கே பிழைத்தது என்பதை அது எளிதிற் காட்டாது.

நான்காவது, சோதனைக்குரிய தரவைக் கவனமாகத் தெரிவுசெய்க. வழு பெரும்பாலும் எல்லைகளிலேயே ஒளிந்திருக்கும். 75 புள்ளிக்கு 'ஏ' தரம் என விதி இருப்பின், 90ஐ இட்டுப் பார்ப்பதாற் பயன் சிறிது. 74, 75, 76 என்னும் மூன்றையும் இடுதல் வேண்டும். 35க்கும் அவ்வாறே. பூச்சியம், நூறு, நூற்றுக்கு மேற்பட்ட எண், வெற்றிடம், எண்ணுக்குப் பதில் எழுத்து ஆகியனவும் வினாத்தாளில் இடம்பெறுதல் வேண்டும்.

எல்லைகளினும் அரிய இடர்ப்பாடு தமிழ்ப் பெயர்களில் உண்டு. தமிழெழுத்து யூனிகோட்டில் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றது. எனினும் அதன்பின்னும் நெடுங்காலம் ஈழத்திற் பாமினி போன்ற எழுத்துருக்களே வழங்கின. அவ்வெழுத்துருவில் தட்டச்சிட்ட பெயர், எழுத்துருவை நீக்கின் ஆங்கில எழுத்துச் சிதறலாய்த் தோன்றும். யூனிகோட்டிலும் 'பொன்னம்மா' என்பதன் முதலெழுத்தை ஒகரக் குறி ஒன்றாலேயே சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் இரு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒருநிலைப்படுத்திய பின் ஒப்பிடுக எனக் கட்டளையிடப்படாத பொறிக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். ஆங்கில எழுத்திற் சிவலிங்கம் என்னும் பெயரை ஒருவர் ஓரெழுத்தாலும் மற்றொருவர் வேறெழுத்தாலும் தொடங்குவர். தங்கராசா ஓரிடத்தில் தங்கராஜா ஆவார். தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் நம்மவரிடம் படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும்போது, ஒருவர் தந்தை பெயரை எழுதுவர். வேறொருவர் வெற்றிடமாக விடுவர்.

ஒரு முகாமிற் பிள்ளையின் பெயர் ஒருவகையிற் பதியப்பட்டு, மற்றொரு முகாமில் தாய் வேறுவகையில் எழுதித் தேடுவாளாயின், பிள்ளை உயிரோடிருந்தும் பொறி இல்லையென்று கூறும். இத்தகைய வழுவைத் தமிழறியாத சோதனையாளர் கற்பனை செய்தலும் அரிது. ஆகவே இப்பிரதேசத்துக்கான எச்செய்நிரலின் சோதனைத் தரவிலும் இப்பிரதேசத்துப் பெயர் வகைகள் இடம்பெறுதல் வேண்டும். உண்மையான மாந்தரின் விவரங்களை எடுத்தாளாது, அவ்வகைப் பெயர்களைப் புனைந்து இடுதலே அறம்.

ஐந்தாவது, சோதனை நிகழும் காலத்தை ஒழுங்குபடுத்துக. பாடசாலை மணி ஒருவர் நினைவை நம்பி அடிப்பதன்று. நேர அட்டவணைப்படி அடிப்பது. அவ்வாறே செய்நிரல் மாறுந்தோறும் அலகுச் சோதனைகளும், இரவுதோறும் நீண்ட சோதனைகளும் தாமே ஓடுதல் வேண்டும். பிழைத்தது எனின் வேறெதனையும் செய்யாமுன் அதனைத் திருத்துதல் வேண்டும்.

ஆறாவது, பொய்யாக அலறும் சோதனையை நீக்குக. செய்நிரல் மாறாதிருக்கவும் ஒருநாள் தேறியும் மறுநாள் தவறியும் வரும் சோதனைகள் சில உண்டு. வலைத்தொடர்பின் தாமதம், நேரத்தை நம்பி எழுதிய கட்டளை, ஒரு சோதனை விட்டுச்சென்ற தரவை மற்றொன்று எடுத்தல் என்பன காரணங்களாம். புலி வருகிறது எனக் கூவிய சிறுவன் கதையை யாவரும் அறிவர். பொய் அலறலுக்குப் பழகிய குழு மெய்யான அலறலையும் கேளாது விடும்.

ஏழாவது, பொறுப்பும் பதிவும். எச்சோதனை எதன்பொருட்டு எழுதப்பட்டது, தவறின் யார் நோக்குவார், எவ்வழு அமைதியாக ஏற்கப்பட்டது என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும். எழுதியவர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பின் பொருள் விளங்காத சோதனை, உரையில்லாச் சூத்திரம் போன்றது.

பொறியிடம் விடத்தகாதவை

எல்லாவற்றையும் தன்னியக்கமாக்கின் மனிதச் சோதனையாளர் வேண்டா என்பாருமுளர். அது பொருந்தாது. பொறி, எழுதிக் கொடுத்த வினாவையே வினவும். எழுதாத வினாவை எண்ணாது. படிவத்தின் மொழிநடை துன்புற்றோர்க்கு விளங்குமா, நடுங்கும் விரலுக்கு அப்பொத்தான் எட்டுமா, மின்வெட்டும் மெதுவான தொடர்பும் உள்ள முகாமில் அது பயன்படுமா என்பனவற்றை மனிதர் சென்று இருந்து பார்த்தே அறிதல் வேண்டும். புதியதொன்றை முதன்முறை ஆராய்தலும் மனிதர்க்கே உரியது. ஆராய்ந்து கண்டதை மறவாது காத்தலே பொறியின் தொழில்.

அண்மை ஆண்டுகளிற் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் செய்நிரலையும் எழுதுகின்றன. அதற்குரிய சோதனையையும் எழுதுகின்றன. உழைப்பு குறைகின்றது என்பது மெய்யே. எனினும் செய்நிரல் இப்போது என்ன செய்கின்றதோ அதனையே சரியான விடையெனக் கொண்டு சோதனை எழுதப்படின், அது மாணவனே தன் விடைத்தாளைப் பார்த்து விடைக்குறிப்பு எழுதிய கதையாகும். எம் புள்ளிச் செய்நிரலைப் பார்த்து அவ்வாறு சோதனை எழுதப்பட்டிருப்பின், வராதார்க்குப் பூச்சியம் இடுதலே சரியென அது உறுதிசெய்திருக்கும். வராதாரை எவ்வாறு நடத்துவது என்பது நிரலுள் எழுதப்பட்ட செய்தியன்று. ஆசிரியரும் பெற்றோரும் கூடி வகுத்த நீதி.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், செய்நிரற் சோதனையின் வரலாறு மனிதன் தன் பிழைபடுந் தன்மையை ஒப்புக்கொண்ட வரலாறே என்பது பெறப்படும். கருவி பின்னரே வருவது. கேட்டை வரிசைப்படுத்தல், பொறிக்குரியதைப் பிரித்தல், படிமுறையாக அமைத்தல், தரவைத் தெரிதல், காலத்தை ஒழுங்குசெய்தல், பொய்யலறலை நீக்கல், பொறுப்பை எழுதிவைத்தல் ஆகிய ஏழும் முன்னே வருதல் வேண்டும்.

இந்நாட்டுப் பாடசாலைகளில் உயர்தர மாணவர் தகவல் தொழினுட்பத்தைப் பயில்கின்றனர். சோதனை வகைகளின் பெயர்களை மனனஞ் செய்து தேர்வும் எழுதுகின்றனர். அம்மாணவருள் ஒருவர் நாளை நம் வாவிக்கரை மக்களின் பெயர்களைத் தாங்கும் பதிவேடொன்றை ஆக்கக்கூடும். அப்போது வகைகளின் பெயர்கள் அவருக்கு நினைவிருப்பினும் இல்லாவிடினும், பொன்னம்மாவின் பெயரை இருவகையாக எழுதித் தேடிப் பார்க்கவேண்டும் என்பது நினைவிருத்தல் வேண்டும். அவ்வொரு சோதனையை அவர் எழுதி, அது நாடோறும் தானே ஓடும்படி வைப்பாராயின், இன்னோர் இடர் வருங்காலத்து ஒரு தாய்க்குப் பொறி பொய் கூறாது.